ஓரிரு இடங்களில்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் வானிலை அறிக்கையில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும்: உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்ய வாய்ப்புள்ளது. கேட்பவருக்கு எரிச்சல் வருவது இயல்புதான். எந்த இடம், எத்தனை மணிக்கு, நனையப்போவது நம் ஊரா பக்கத்து ஊரா என்று எதையும் சொல்லாமல், பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி என்று நழுவுகிற வாசகம்போல அது காதில் விழுகிறது. ஆனால் அந்தச் சொற்களுக்கு வானிலைத் துறையில் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழை அளவு நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாமல் மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் ‘ஓரிரு இடங்களில்’. பாதி வரை போனால் ‘சில இடங்களில்’. முக்கால் பங்கு வரை என்றால் ‘பல இடங்களில்’. கடும் இடிமழையைப் பற்றிக் காலையிலேயே நேர்மையாகச் சொல்ல முடிவது பெரும்பாலும் இவ்வளவுதான். இவ்வளவு தெரிந்தாலே பல உயிர்களைக் காப்பாற்றலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அதற்கான சான்றுகள் மிகுதியாகக் கிடைப்பது, உலகிலேயே கடுமையான இடிமழைகள் அடிக்கடி உருவாகும் அமெரிக்காவின் நடுச் சமவெளியில்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். ஓர் இடிமேகத்தின் குறுக்களவு சுமார் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். அதன் அடியிலிருந்து தரையைத் தொடும் சுழல்காற்றான டொர்னாடோ சில நூறு மீட்டர் அகலம்தான் இருக்கும். பல சமயம் அதுகூட இருக்காது. வானத்தின் மேல்தட்டுகளை அளக்கும் பலூன் நிலையங்களோ ஒன்றுக்கொன்று முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அவை பலூன் விடுவது நாளுக்கு இரண்டு முறை. வலையின் கண் பெரியது, மீன் சிறியது. அப்படியிருக்க, காலையில் பிறக்கவே பிறக்காத ஒரு மேகத்தைப் பற்றி யார் என்ன சொல்லிவிட முடியும்? மேகம் சிறியதானாலும் அதற்கு வேண்டிய தீனி சிறிய இடத்திலிருந்து வருவதில்லை என்பதுதான் இதற்கு விடை. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே வந்து சேரும் ஈரக்காற்று, மெக்சிகோ மேட்டுநிலத்தில் வெந்து காய்ந்த வறண்ட காற்று, ராக்கி மலைகளைத் தாண்டி வரும் மேலடுக்குத் தாழ்வழுத்தப் பள்ளம், அதன் ஓரத்தில் பாயும் ஜெட் காற்று என்று எல்லாமே மாநிலங்களைவிடப் பெரிய விஷயங்கள். வலையில் அவை தப்பாமல் சிக்கும். எப்போது, எங்கே அவை ஒன்றின்மேல் ஒன்று வந்து படியப்போகின்றன என்பதை முந்தைய நாளே, சில சமயம் நான்கைந்து நாள் முன்பே கணிக்கலாம்.

இந்தப் படிமானத்தைக் கிட்டத்தில் பார்க்க, ஓக்லஹோமாவில் ஓர் அபாய நாளின் காலையில் விடப்படும் பலூனின் பின்னால் போகலாம். குறிப்பிட்ட ஒரு தேதியின் பதிவைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நாட்களுக்குப் பொதுவான சாயலைச் சொல்கிறேன். பலூன் நிமிடத்துக்கு ஏறக்குறைய முந்நூறு மீட்டர் ஏறும். முதல் நான்கைந்து நிமிடங்கள் அது கசகசவென்ற ஈரக்காற்றுக்குள் போகிறது. காற்று தென்கிழக்கிலிருந்து மிதமாக வீசுகிறது. ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை நெருங்கியதும் கருவி விசித்திரமான ஒன்றைச் சொல்கிறது. உயரப் போகப் போகக் குளிர வேண்டிய காற்று திடீரெனச் சில டிகிரி சூடாகிறது. ஈரப்பதம் சரசரவென்று இறங்கிவிடுகிறது. மேட்டுநிலத்திலிருந்து வந்த வெப்பக்காற்று ஈரக்காற்றின் தலைமேல் பரவி நிற்கும் இடம் அது. மூன்று கிலோமீட்டரில் காற்று தென்மேற்காகத் திரும்பி, மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் வேகம் எடுத்திருக்கிறது. அரை மணி நேரம் கழித்து, ஒன்பது பத்து கிலோமீட்டரில், மேற்கிலிருந்து நூற்றைம்பதைத் தாண்டிய வேகத்தில் ஜெட் காற்று பலூனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது.

நடுவில் இருக்கும் அந்தச் சூடான பட்டைக்கு வானிலையாளர் வைத்திருக்கும் பெயர் மூடி. சோற்றுப் பானையின் மூடி செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. வெயிலில் தரை சூடாகி, ஈரக்காற்று மேலெழப் பார்க்கும். மூடி இல்லாவிட்டால் பத்து மணிக்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு மேகங்கள் கிளம்பிப் பொழிந்து, சேர்ந்திருந்த ஆற்றல் சில்லறையாகச் செலவாகிவிடும். மூடி இருப்பதால் மதியம் வரை வானம் வெறிச்சென்றே இருக்கிறது. அடியில் வெப்பமும் ஈரமும் கூடிக்கொண்டே போகின்றன. மூன்று நான்கு மணிவாக்கில் தரையின் சூடு மூடியைத் துளைத்தாலோ, மேற்கிலிருந்து வரும் தாழ்வழுத்தப் பள்ளம் காற்றை மேலே தூக்கிவிட்டாலோ, அடைபட்டிருந்தது அத்தனையும் ஒரே இடத்தில் பீறிட்டுக் கிளம்பும். வலுவான மேகத்துக்குள் காற்று மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மேலேறும். கிரிக்கெட் பந்து அளவு ஆலங்கட்டியைக்கூட அந்தரத்தில் தாங்கிப்பிடிக்க அது போதும். மூடி மிகக் கெட்டியாக இருந்துவிட்டாலோ ஒன்றுமே நடக்காது. அன்று மாலை நீல வானத்தோடு சூரியன் மறையும். முன்னறிவித்தவர் தலைகுனிய வேண்டியிருக்கும். ஒரே நாள் பெரும் நாசமாவதா, வெறும் புழுக்கமாக முடிவதா என்பதை மூடியின் ஓரிரு டிகிரி வெப்பம் முடிவு செய்துவிடலாம். இதைப் புரிந்துகொண்டவர் வானிலையாளர்மீது அவ்வளவு சுலபமாகக் கோபப்பட மாட்டார்.

உயரத்துக்கு உயரம் காற்று திசையும் வேகமும் மாறுவது ஏன் முக்கியம் என்பதை நம் கோடை மழையோடு ஒப்பிட்டால் புரியும். ஏப்ரல் மாதத்தில் மதுரைப் பக்கமோ கோவைப் பக்கமோ திரளும் இடிமேகம் ஒரு மணி நேரம் ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு அடங்கிவிடும். மேலே காற்று வலுவில்லாததால் மேகம் நெட்டுக்குத்தாக நிற்கிறது. அது பொழியும் மழை, அதற்கு உயிர்கொடுத்த மேலேறும் காற்றின் மேலேயே விழுந்து அதை அணைத்துவிடுகிறது. ஓக்லஹோமாவில் மேலடுக்குக் காற்று மேகத்தின் தலையைச் சாய்த்து மழையை அப்பால் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அடுப்பு அணைவதில்லை. அதோடு, மெதுவான கீழ்க்காற்றுக்கும் வேகமான மேல்காற்றுக்கும் நடுவே அகப்பட்ட காற்று, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டப்படும் பென்சில்போலக் கிடைமட்டமாகச் சுழல்கிறது. மேலேறும் காற்று அந்தச் சுழலை நிமிர்த்திவிட்டால் மேகமே சுழலத் தொடங்கும். சூப்பர்செல் என்று பெயர் பெற்ற இந்த மேகங்கள் பல மணி நேரம் உயிரோடிருந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்து போகும். மிகக் கொடிய டொர்னாடோக்கள் இவற்றிலிருந்தே வருகின்றன.

இதெல்லாம் தெரியாத காலத்தில் டொர்னாடோ கடவுள் செயல் என்று விட்டுவிடப்பட்டது. 1880களின் பிற்பகுதியிலிருந்து 1938 வரை அமெரிக்க அரசின் வானிலை அறிவிப்புகளில் ‘டொர்னாடோ’ என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்றிருந்தது. மக்கள் பீதியடைவார்கள் என்பது காரணம். 1948 மார்ச் 20 இரவு, ஓக்லஹோமா நகரை ஒட்டிய டிங்கர் விமானப்படைத் தளத்தில் ராபர்ட் மில்லர் என்ற இளம் அதிகாரி பணியில் இருந்தார். பலத்த காற்று இருக்கும், இடிமழை இருக்காது என்பது அன்றைய முன்னறிவிப்பு. இரவு பத்து மணிக்குமேல் ஒரு டொர்னாடோ தளத்தின் ஊடே புகுந்து, வரிசையாக நின்ற விமானங்களைக் கசக்கி எறிந்தது. இழப்பு சுமார் ஒரு கோடி டாலர். மறுநாள் கூடிய விசாரணைக் குழு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்று முடிவு செய்தது. தளத்தின் தலைமை அதிகாரி ஃபிரெட் போரம் அதோடு விட்டுவிடவில்லை. மில்லரும் அவருடைய மேலதிகாரி எர்னஸ்ட் ஃபாபுஷும் பழைய டொர்னாடோ நாட்களின் வரைபடங்களைப் பரப்பிவைத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பைத் தேடினார்கள். மார்ச் 25 காலை வந்த வரைபடம், ஐந்து நாள் முன்பு வந்ததை அப்படியே உரித்துவைத்திருந்தது. பிற்பகல் மூன்று மணியளவில், மிகுந்த தயக்கத்தோடு, தளத்துக்கு டொர்னாடோ முன்னறிவிப்பு கொடுத்தார்கள். விமானங்கள் கொட்டகைகளுக்குள் போயின. அவிழ்ந்து கிடந்தவை கட்டப்பட்டன. தோற்றுவிட்டோம் என்று மனம் நொந்து வீடு திரும்பிய மில்லர், மாலை ஆறு மணியளவில் டிங்கர் தளத்தை மீண்டும் ஒரு டொர்னாடோ தாக்கிய செய்தியை வானொலியில்தான் கேட்டார்.

இந்தக் கதை ஏறக்குறைய எப்போதும் ஒரு வெற்றிக்கதையாகவே சொல்லப்படுகிறது. நான் அதைச் சற்று மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். எவ்வளவு பொருத்தமான நாளாக இருந்தாலும், சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு தளத்தை ஒரு டொர்னாடோ சரியாக வந்து தாக்குவதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஐந்தே நாளில் இரண்டு முறை என்பது நினைத்தும் பார்க்க முடியாதது. மில்லரும் ஃபாபுஷும் கண்டறிந்தது, அன்று நடு ஓக்லஹோமாவில் டொர்னாடோ உருவாகத் தக்க நிலை இருக்கிறது என்பதை. அது அறிவு. டிங்கரையே அது தாக்கியது தற்செயல். அன்று டொர்னாடோ முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு வெற்று வயலில் இறங்கியிருந்தால், இருவரும் கேலிக்கு ஆளாகியிருப்பார்கள். இந்தத் துறை இன்னும் சில ஆண்டுகள் பின்தங்கியிருக்கும். ஆனால் அவர்களுடைய கணிப்பின் தரம் இம்மியும் குறைந்திருக்காது. தற்செயல் போட்ட மாலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் அவர்கள் செய்தது பெரிய காரியம்தான். அவர்கள் முறையும் அதற்குப் பிறகு இடத்தைக் குறிப்பதிலிருந்து பரப்பைக் குறிப்பதற்கே நகர்ந்தது. 1951இல் டிங்கரில் அதற்கென்றே ஒரு மையம் அமைந்தது. மறு ஆண்டே பொதுமக்களுக்கான அரசு வானிலைத் துறையும் டொர்னாடோ முன்னறிவிப்புகளைத் தொடங்கியது.

அப்படியானால் இத்தகைய முன்னறிவிப்பு சரியா தவறா என்று எப்படித்தான் தீர்ப்பது? இந்தக் கேள்விக்கு மில்லருக்கும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முந்திய ஓர் அருமையான வழக்கு இருக்கிறது. 1884இல் அமெரிக்க ராணுவத்தின் ஜான் ஃபின்லி, நாட்டின் பல பகுதிகளுக்கு டொர்னாடோ வருமா வராதா என்று சோதனையாக 2,803 கணிப்புகள் செய்தார். தன் கணிப்புகளில் 96.6 சதவீதம் சரி என்று அறிவித்தார். நிலவியலாளர் ஜி. கே. கில்பர்ட் அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லா நாளும் ‘வராது’ என்றே சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்குமே என்றார். உண்மைதான், 2,803இல் டொர்னாடோ வந்தது 51 முறைதான். ஆனால் அதே கணக்கை இன்னொரு பக்கமாகப் படித்தால், அந்த 51இல் 28ஐ ஃபின்லி முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். ‘வராது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார். அதற்கு விலை, 72 முறை வீண் எச்சரிக்கை. நூறு எச்சரிக்கையில் 28 பலித்தது என்பது, பலூனும் ரேடாரும் இல்லாமல், தரைமட்டத்துத் தந்திச் செய்திகளை மட்டும் வைத்துச் செய்ததை நினைத்தால், என்னை மலைக்க வைக்கிறது. அரிதான ஆபத்தைப் பொறுத்தவரை, எத்தனை நாள் சரி என்ற கேள்வியே பொருந்தாதது. வந்த ஆபத்துகளில் எத்தனையைப் பிடித்தார், அதற்காக எத்தனை முறை வீணாக அலைய வைத்தார் என்றுதான் கேட்க வேண்டும்.

வரைபடத்தின் உருவத்தை மட்டும் நம்புவது போதாது என்று எழும் ஆட்சேபத்தில் நிறைய உண்மை உண்டு. 1999 மே 3 காலை ஓக்லஹோமாவின் வரைபடம் அச்சுறுத்துவதாக இல்லை. கணினிகள் மேல்காற்றின் வலுவைக் குறைத்தே கணித்திருந்தன. உயர்மேகத் திரை வெயிலை மறைத்துவிடும் என்றும் தோன்றியது. குறைந்த அபாயம் என்றே நாள் தொடங்கியது. ஆனால் பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவின் துகும்காரியில் இருந்த காற்று அளவி, கணினி சொன்னதைவிட வேகமான காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருப்பதைக் காட்டியது. முன்னறிவிப்பாளர்கள் அதைக் கவனித்து, முற்பகலில் ஒரு படியும், பிற்பகல் நான்கு மணிக்குச் சற்று முன் உச்சப் படிக்கும் அபாயத்தை உயர்த்தினார்கள். ஆறரை மணிவாக்கில் தொடங்கி, பிரிட்ஜ் க்ரீக், மூர் ஊர்களைத் தாக்கிய டொர்னாடோ முப்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் காற்று மணிக்கு 480 கிலோமீட்டரைத் தாண்டியதாக நகரும் ரேடார் அளந்தது. பழைய உருவங்களோடு புது வரைபடத்தை ஒத்துப்பார்க்கும் பழக்கம் அன்று கைகொடுக்கவில்லை. ஈரம், நிலையின்மை, தூக்கும் விசை, காற்று மாறுபாடு ஆகிய கூறுகள் கூடுகின்றனவா என்று மணிக்கு மணி சரிபார்த்த பழக்கமே கைகொடுத்தது. சார்லஸ் டாஸ்வெல் போன்ற வானிலை ஆய்வாளர்கள் 1980களிலிருந்து வற்புறுத்தி வந்தது இதைத்தான்: உருவம் நினைவூட்டும், கூறுகளே தீர்மானிக்கும். ஆனாலும் அன்று கைகொடுத்த தகவல், மேகத்தைப் பற்றியதல்ல. பல நூறு கிலோமீட்டர் தொலைவில் வந்துகொண்டிருந்த காற்றைப் பற்றியது.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணம் 2019 மே 20. அன்று ஓக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் கூறுகள் எல்லாம் உச்சத்தில் இருந்தன. ஓரிடத்தைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்குள் டொர்னாடோ வருவதற்கான வாய்ப்பு, கடுமையான பகுதியில் 45 சதவீதம் என்று அறிவித்தார்கள். வழக்கமான வசந்த நாளில் அந்த எண் ஓரிரு சதவீதத்துக்குள் இருக்கும். பள்ளிகளை மூடினார்கள். டொர்னாடோக்கள் வந்தன, மேங்கம் என்ற சிற்றூரை ஒன்று தாக்கவும் செய்தது. ஆனால் அஞ்சியதுபோலப் பெருநகரங்களைத் துடைத்தெடுக்கும் பேரழிவு நிகழவில்லை. வீண் பயமுறுத்தல் என்று கோபித்தவர்கள் உண்டு. ஒருநாள் வேலையை இழந்தவரின் கோபத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். இப்படிப் பல நாள் நடந்தால் எச்சரிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதும் நியாயமே. ஆனால் 45 சதவீதம் என்பதிலேயே 55 சதவீதம் வராமலிருக்கலாம் என்ற செய்தியும் இருக்கிறது. அப்படி அறிவித்த நாட்களையெல்லாம் சேர்த்துவைத்து, ஏறக்குறைய பாதியில் வந்ததா என்று பார்த்தால்தான் அந்த எண்ணை எடைபோட முடியும். ஒரு நாளை மட்டும் வைத்து அதைப் பொய் என்பது, ஒரே ஒரு பந்தை வைத்து ஆட்டக்காரரை மதிப்பிடுவதுபோல.

வளிமண்டலம் குழப்ப இயல்பு கொண்டது, சிறு மாற்றம் பெரிதாகிவிடும் என்று வானிலை அறிவியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1963இலேயே காட்டிவிட்டாரே, பிறகு எதை நம்புவது என்று கேட்கலாம். அவருடைய கண்டுபிடிப்பு என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. பிழை சிறியவற்றில் வேகமாக வளர்கிறது, பெரியவற்றில் மெதுவாக. தனி மேகத்தின் போக்கை ஒரு மணி நேரத்துக்குமேல் பின்தொடர்வது கடினம். மூவாயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்வழுத்தப் பள்ளத்தையோ பல நாள் பின்தொடரலாம். இன்று மூன்று கிலோமீட்டர் நுணுக்கத்தில் ஒவ்வொரு மேகத்தையும் வரைந்து காட்டும் கணினி மாதிரிகள் வந்துவிட்டன. அவை மேகத்தின் தன்மையை வியக்கும்படி சரியாகச் சொல்கின்றன, இடத்தில் பிசகிவிடுகின்றன. அதனால்தான் ஒரே மாதிரியைப் பல தடவை ஓட்டி வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். எத்தனை திரைகள் வந்தாலும் முன்னறிவிப்பாளர் முதலில் திறப்பது மேலடுக்கு வரைபடத்தைத்தான்.

மிகக் கடினமான ஆட்சேபம் இன்னொன்று. 2011 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் 200க்கு மேற்பட்ட டொர்னாடோக்கள் இறங்கின. அபாயப் பகுதி சில நாட்களுக்கு முன்பே வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. அன்றைய முன்னறிவிப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. அப்படியும் 300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் அலபாமாவில். முன்கூட்டிச் சொல்லி என்ன பயன்? அன்றைய அதிகாலையை உற்றுப்பார்த்தால் பதில் கிடைக்கிறது. விடியுமுன் ஒரு வரிசை இடிமழை வந்து மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. மாலையில் உண்மையான ஆபத்து வந்தபோது வட அலபாமாவில் பல வீடுகளில் மின்சாரமில்லை, தொலைக்காட்சியில்லை. வானிலை எச்சரிக்கையை ஒலிபரப்பும் வானொலி நிலையங்கள் சிலவும் ஊமையாகியிருந்தன. ரேடார் பார்த்து இருபது நிமிடம் முன்பு கொடுக்கும் எச்சரிக்கை அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர வழியில்லை. முந்தைய நாளே கொடுத்த பரந்த எச்சரிக்கை ஒன்றுதான் அவர்களை எட்டியிருக்க முடியும். கடைசி நிமிட எச்சரிக்கை வேலை செய்வதற்கே, இன்று அப்படிப்பட்ட நாள் என்ற நினைப்பு காலையிலிருந்தே மனதில் இருக்க வேண்டும்.

இது அமெரிக்காவின் தனிச்சொத்து அன்று. மெக்சிகோ வளைகுடா இருக்குமிடத்தில் வங்காள விரிகுடாவையும், மெக்சிகோ மேட்டுநிலம் இருக்குமிடத்தில் சோட்டா நாக்பூர் பீடபூமியையும் வைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தெற்கிலிருந்து ஈரக்காற்று, அதன்மேல் பீடபூமியின் வறண்ட வெப்பக்காற்று, இரண்டுக்கும் மேலே இமயத்தை ஒட்டிப் பாயும் மேலைக்காற்று. வங்காளத்தார் காலபைசாகி என்று அஞ்சும் மாலைநேரப் புயல்கள் இந்தப் படிமானத்தின் பிள்ளைகள். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் ஒரே டொர்னாடோ சுமார் 1,300 பேரைக் கொன்றது. உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில் மிக அதிக உயிர்களைப் பறித்த டொர்னாடோ அதுதான்.

தமிழ்நாட்டுக்கு டொர்னாடோ பெரிய அச்சமில்லை, மின்னல் உண்டு. இந்தியாவில் மின்னலால் ஆண்டுக்கு 2,000 பேருக்குமேல் இறக்கிறார்கள், பெரும்பாலும் வயலில் நிற்பவர்கள். புனே வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி போன்றவை அரை மணி முன்பு எச்சரிக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் சுற்றிலும் ஒரு கூரைகூட இல்லாத பொட்டலில், கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டுக் களை பறிப்பவருக்கு அந்த அரை மணி போதாது. அவருக்கு வேண்டியது விடியற்காலைச் செய்தி. அதற்கான அறிவு மீனம்பாக்கத்தில் பலூன் மேலேறும்போதே வந்துவிடுகிறது. அறிக்கையாகச் சுருங்கும்போது காரணமும் நேரமும் உதிர்ந்து ‘ஓரிரு இடங்களில்’ மட்டும் மிஞ்சுகிறது. அதே வரியை இப்படிச் சொல்லலாம்: இன்று கீழே ஈரம் அதிகம், மேலே வறண்ட காற்று, மதியம் வரை வானம் தெளிவாக இருக்கும், அதைக் கண்டு ஏமாற வேண்டாம், மூன்றிலிருந்து ஏழு மணிக்குள் இந்த மாவட்டத்தில் நான்கு ஊருக்கு ஓர் ஊர் வரை இடிமின்னலில் சிக்கலாம், அது எந்த ஊர் என்று இப்போது தெரியாது, வயல் வேலையை இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.